சம்பத்துக்கு எழுத வராது என்று நான் சொன்ன நாள்

சுவரும் போர்டும் எழுதும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, அம்மணிகளே, உங்களில் பாதிப் பேர் பி.இ. முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்காமல் எந்த வேலைக்கும் போக முடியாது போலிருக்கிறது. நல்லது. என் வலது தோளைத் தூக்க முடியாமல் போய், நான் பிரஷ்ஷைக் கழுவி வைத்த பிறகுதான் இந்தத் தொழிலுக்கு மரியாதையே வந்திருக்கிறது. ரேஸ்கோர்ஸ் பக்கம் காபிக் கடை திறக்கிறவர்கள் எல்லாரும் கையால் எழுதின போர்டுதான் வேண்டும் என்கிறார்களாம். அதிலும் எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தால்தான் கையால் எழுதியது என்று நம்புகிறார்களாம். நாங்கள் கோணலாக எழுதினபோது போர்டைத் திருப்பி அனுப்பினார்கள். கொஞ்சம் முன்னால் பிறந்துவிட்டோம், என்ன செய்வது.

இந்தத் தொழில் அழிந்து போகிறதே என்று கேமராவோடு வந்து கண் கலங்குகிறவர்களுக்கு நான் டீகூட வாங்கித் தருவதில்லை. வேலை அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆகவே உங்களுக்காக அழப்போவதில்லை, பயப்படாதீர்கள்.

போன மாதம் உங்கள் வகுப்பு ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு அம்மணி எழுந்து, "உங்களுக்குன்னு ஒரு ஸ்டைல் இருக்கும் இல்லீங்களா சார், அதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டது. எல்லாரும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவ்வளவு பேர் பார்க்கும்போது உளறக் கூடாதே என்று, பழக்கம்தான் என்று ஏதோ சொல்லி உட்கார்ந்துவிட்டேன். உண்மையான பதில் வேறு. ஸ்டைலை நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. போலீஸ் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

சூலூருக்குக் கிழக்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே மில் முதலாளி ஒருவர் பள்ளிக்கூடம் கட்டினார். மில்லில் சம்பாதிக்கிறவர் பள்ளிக்கூடம் கட்டுவதும், பள்ளிக்கூடத்தில் சம்பாதிக்கிறவர் கல்லூரி கட்டுவதும் நம் பக்கத்து வழக்கம்தானே. பள்ளிக்கூடத்தைச் சுற்றி நீளமாகக் காம்பவுண்டு சுவர் எழுந்தது. அந்த வழியே மழைத் தண்ணீர் போக ஓர் ஓடை இருந்தது. சுவர் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. ஓடைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. அடுத்த மழைக்கு அது பழைய வழியிலேயே வந்து, சுவரில் முட்டி, பக்கத்துக் காலனி வீடுகளுக்குள் புகுந்தது. ஜனங்கள் திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தார்கள். மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள். வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது அந்த ரசீதை நனையாமல் வைத்திருப்பதுதான் பெரிய பாடு.

ஒரு நாள் விடிந்து பார்த்தால், ரோட்டைப் பார்த்த சுவரில் ஆள் உயரத்துக்கு எழுத்து. "இந்தச் சுவர் நிற்பது ஓடைப் புறம்போக்கு." அவ்வளவுதான். திட்டு இல்லை, சாபம் இல்லை, யார் பெயரும் இல்லை. கிராம நிர்வாக அலுவலகத்தில் சொல்லியிருக்க வேண்டிய விவரம், பாவம், சுவரே தன் வாயால் சொல்லிக்கொண்டு நின்றது.

எழுதின விதத்தைக் கேளுங்கள். நல்ல நீல எனாமல். சுற்றிலும் கறுப்பு அவுட்லைன். எழுத்துக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஷேடோ. நூல் அடித்துக் கோடு போட்டு, எழுத்துக்கு எழுத்து இடம் பிரித்து எழுதியிருந்தது. பெயர் தெரியக் கூடாது என்று ஒளிந்து வந்த ஆள், பிடிபட்டால் உதை விழும் என்று தெரிந்த ஆள், கரித்துண்டால் கிறுக்கிவிட்டு ஓடியிருக்கலாம். இவர் ஷேடோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார். திருடப் போன வீட்டில் பீரோவைத் துடைத்து வைத்துவிட்டு வந்த மாதிரி. இந்தத் தப்பை நம் தொழில்காரர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

பள்ளிக்கூடத் திறப்பு விழாவுக்குப் பெரிய ஆட்கள் வரவிருந்தார்கள். முதலாளியின் மேனேஜர் போலீசில் புகார் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் சுவரைப் போய்ப் பார்த்தார். எழுதினவன் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அதே சுவரின் அடுத்த மூலையில் பள்ளிக்கூட விளம்பரம் ஒன்று இருந்தது. அதன் கீழே பள்ளியின் பெயரைவிடக் கொஞ்சம்தான் சின்னதாக "சம்பத் ஆர்ட்ஸ்" என்றும், செல் நம்பரும் இருந்தன. இன்ஸ்பெக்டர் அந்த நம்பருக்கே போன் போட்டார். சம்பத் மகிழ்ச்சியாக, சுவர் வேலையா சார், எத்தனை அடி சார் என்று கேட்டிருக்கிறான். ஸ்டேஷனுக்கு வா என்றதும் ஸ்டேஷனுக்குத்தான் பெயிண்டிங் போலிருக்கிறது என்று அளக்கிற டேப்பும் கையுமாக வந்து இறங்கினான். நீங்கள் எல்லாரும் எழுதினதைப் படம் பிடித்துப் போனில் போடும்போது மூலையில் உங்கள் பெயரை அத்தனை பெரிதாகப் போடுகிறீர்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டேப்தான் ஞாபகத்துக்கு வரும்.

சம்பத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மஸ்கட்டில் போர்டு எழுதும் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. மெடிக்கல் முடிந்துவிட்டது. போலீஸ் தரவேண்டிய நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அந்த விண்ணப்பம் இதே ஸ்டேஷனில், இதே இன்ஸ்பெக்டரின் மேஜையில் இருந்தது. ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தால் மஸ்கட் போச்சு. ஏற்கெனவே இரண்டு தடவை ஏஜென்டிடம் ஏமாந்தவன். இந்தத் தடவையும் போகாவிட்டால் மாமியார் வீட்டு ஆட்கள் முகத்தில் முழிக்க முடியாது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அக்கம்பக்கத்து எழுத்துக்காரர்கள் எல்லாரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். நான் அப்போது ஓவியர் சங்கச் செயலாளர். செயலாளர் என்றால், ஆண்டு விழாவில் மாலை வாங்குவதும் மற்ற நாட்களில் திட்டு வாங்குவதும். நான் போகும்போது நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் நிழல்காரர் இருந்தார்.

நிழல்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஷேடோ இல்லாமல் அவரால் ஓர் எழுத்தைக்கூட விட முடியாது என்பதால் நாங்கள் வைத்த பெயர் இது. "இங்கே சிறுநீர் கழிக்காதீர்" என்று எழுதச் சொன்னாலும் ஷேடோவோடுதான் எழுதுவார். அப்படி எழுதின சுவர்களில் ஜனங்கள் நின்று ரசித்துவிட்டுக் காரியத்தை முடித்துவிட்டுப் போவார்கள். எங்கள் எல்லாரையும்விட மூத்தவர். வாய் கெட்ட வாய். யார் எழுத்தையும் அவர் நல்லது என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அவர் வீடும் அந்தக் காலனியில்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் தெற்கத்திக்காரர். செக்கில் கள்ளக் கையெழுத்துப் போட்டவர்களைக்கூடப் பிடித்தவராம். செல்போனில் எடுத்த சுவர்ப் படத்தை என் முன்னால் நீட்டினார். "செயலாளரே, உங்க ஆளுக எழுத்து உங்களுக்குத் தெரியாதா? யார் கைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மத்தவங்களை வீட்டுக்கு அனுப்பிடுறேன்" என்றார்.

படத்தைப் பார்த்தேன். இரண்டாவது எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார்கள். அது நிழல்காரர் கை. பெஞ்சுப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. பார்த்தால் என் கண்ணே காட்டிக் கொடுத்துவிடும்.

நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்து வையுங்கள். தெரியாது என்று சொல்லலாம். சொன்னேன். இன்ஸ்பெக்டர் சிரித்தார். அப்படியானால் சம்பத் பெயரிலேயே எழுதிவிடுகிறேன், அவனுக்குத்தான் காரணமும் இருக்கிறது என்றார். மீதிச் சுவரையும் எழுதும் வேலையைச் சம்பத்திடமிருந்து பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அந்தக் கோபத்தில் செய்திருப்பான் என்று மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சம்பத்துக்கு முகம் செத்துப்போயிருந்தது. மேஜை மேலிருந்த தன் விண்ணப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நிழல்காரரையும் காட்டிக் கொடுக்கக் கூடாது, சம்பத்தையும் காப்பாற்ற வேண்டும். எனக்கு அப்போது ஒரு அபாரமான யோசனை தோன்றியது. அபாரமான யோசனை தோன்றும்போதெல்லாம் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் உட்காரவில்லை. இன்ஸ்பெக்டரிடம், "சார், இது இவன் எழுதினது இல்லீங்க. இவனுக்கு இப்பிடி எழுத வராதுங்க" என்றேன்.

பொய் இல்லை. சம்பத் எழுதும் வரியில் முதல் எழுத்து, மாமனார் வீட்டுக்குப் போன புது மாப்பிள்ளை மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். கடைசி எழுத்து டவுன் பஸ் படிக்கட்டில் தொங்கும். அவனுடைய பழைய விளம்பரங்களை எல்லாம் போனில் காட்டி, எழுத்தெழுத்தாக இன்ஸ்பெக்டருக்கு விளக்கினேன். இதோ கோடு இறங்குது பாருங்க, இதோ இடம் பத்தாமல் நசுங்குது பாருங்க, இவன் கைக்கு இது தாங்காதுங்க என்று வக்கீல் மாதிரி அடுக்கினேன். இன்ஸ்பெக்டரும் தன் போனையும் என் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்து, தலையை ஆட்ட ஆரம்பித்தார். கேஸ் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் சம்பத் வாயைத் திறந்தான்.

"யாருக்கு வராதுங்கறீங்க? இந்த எழுத்து எனக்கு வராதுங்களா?"

சும்மா இருடா என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மஸ்கட், சான்றிதழ், மாமியார் வீடு எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "பிரஷ் குடுங்க சார். எழுதிக் காட்டறனுங்க. ஆருக்கு வராதுன்னு பாத்துப்போடலாம்" என்றான்.

உதைப்பார்கள் என்று பயந்து செய்யாத குற்றத்தை ஒத்துக்கொண்டவர்களை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். எழுத்து வராது என்று சொன்னதற்காக ஜெயிலுக்குப் போகத் தயாரான ஒருவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். உங்கள் ஆர்வம், ஈடுபாடு, அடையாளம் என்றெல்லாம் வகுப்பில் பெரிய பெரிய வார்த்தை பேசினீர்களே, அது நேரில் வந்தால் இப்படித்தான் இருக்கும். பார்க்கிறவனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

இன்ஸ்பெக்டருக்கும் வேடிக்கை பார்க்க ஆசை. ஸ்டேஷனின் பின்பக்கச் சுவரில் எழுதிக் காட்டச் சொன்னார். முழுவதும் வேண்டாம், "இந்தச் சுவர்" வரைக்கும் போதும் என்றார். மீதியையும் எழுதிவிட்டால் ஸ்டேஷன் சுவர் எதில் நிற்கிறது என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்களே. எல்லாரும் பின்பக்கம் போய் நின்றோம். சம்பத்தின் வண்டியிலேயே பெயிண்டும் பிரஷ்ஷும் இருந்தன. நான் மருதமலை முருகனை வேண்டிக்கொண்டேன். அப்பனே, இவன் எப்போதும் எழுதுகிற மாதிரியே எழுதட்டும், வேறொன்றும் வேண்டாம் என்றேன். முருகனுக்கு இப்படி ஒரு வேண்டுதல் அதுவரை வந்திருக்காது.

சம்பத் எழுதினான். என்னத்தைச் சொல்ல. அவன் வாழ்நாளில் அப்படி எழுதினதே இல்லை. வழக்கமாகப் பேசிக்கொண்டே எழுதுகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான். கோடு இறங்கவில்லை. இடம் நசுங்கவில்லை. கடைசி எழுத்து வரைக்கும் எல்லாம் நிமிர்ந்து நின்றன. அவுட்லைன் இழுத்தான். ஷேடோவும் போட்டான். விலகி நின்று திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த கர்வத்தை நினைத்தால் இன்றைக்கும் அவனை அறையத் தோன்றுகிறது. கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றுகிறது.

இன்ஸ்பெக்டர் போனைச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "வராதுன்னீங்களே செயலாளரே" என்றார். ஏட்டைக் கூப்பிட்டு எஃப்.ஐ.ஆர். எழுதச் சொன்னார். மேனேஜர் முகத்தில் திருப்தி தாண்டவமாடியது. சம்பத்துக்கு அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. பிரஷ்ஷைப் பிடித்த கை அப்படியே தொங்கிப்போயிற்று.

பின்னால் யாரோ காறித் துப்புகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். நிழல்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏனுங்க சார், அந்தச் சுவத்துல எழுதுனது நானுங்க. இந்தக் குப்பையக் கொண்டாந்து அதுகூட வெச்சுப் பாக்கறீங்களே, கண்ணு தெரியுதுங்களா?"

இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. கூட்டாளியைக் காப்பாற்ற நாடகம் போடாதே என்று அதட்டினார். நிழல்காரர் போனை அவர் கையிலிருந்து வாங்காத குறையாக விரலை வைத்துக் காட்டினார். "ஷேடோவப் பாருங்க. அது தெக்கப் பாத்த சுவரு. காலைல பள்ளிக்கொடத்துக்குப் போற நேரத்துல வெயிலு கெழக்க இருந்து வரும். நெழலு இடதுபக்கந்தானுங்க உழுகோணும். நான் இடதுபக்கம் போட்டிருக்கறன். இவன் எந்தச் சுவத்துக்கும் வலதுபக்கந்தான் போடுவான். இவனுக்குச் சூரியன் மேக்கயே உதிக்கும்."

இன்ஸ்பெக்டர் போனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். போனில் ஷேடோ இடதுபக்கம், சுவரில் வலதுபக்கம். சம்பத்தின் பழைய விளம்பரப் படங்களை மறுபடி எடுக்கச் சொன்னார். எல்லாவற்றிலும் வலதுபக்கம். நிழல்காரர் பக்கம் திரும்பினார். எதற்கய்யா எழுதினாய் என்று கேட்டார்.

"மனு எழுதிக் குடுத்தனுங்க. எழுத்துச் சின்னதா இருந்துச்சாட்ட இருக்குதுங்க, ஆரும் படிக்கலை" என்றார் நிழல்காரர்.

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. சிரித்திருந்தால் மேனேஜர் பார்த்திருப்பார். ஏட்டு பெயரை மாற்றி எழுதினார்.

அதற்குப் பிறகு நடந்தவை ஒன்றும் பெருமையாகச் சொல்கிற மாதிரி இல்லை. நிழல்காரர் கோர்ட்டுக்கு அலைந்து அபராதம் கட்டினார். மில்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்த மாதிரி அவருக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். அவர் வெள்ளகோவில் பக்கம் லாரிகளுக்கு எழுதப் போனார். லாரிக்கு எந்தப் பக்கம் ஷேடோ போடுவது, அது ஓடிக்கொண்டே இருக்குமே என்று அதற்கும் புலம்பினார். சுவர் அதே இடத்தில் நிற்கிறது. திறப்பு விழாவுக்கு முன்னால் அந்த எழுத்தின் மேல் அவசரமாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். எனாமல் மேல் சுண்ணாம்பு நிற்காது என்று எங்களில் யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கேட்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் சுண்ணாம்பு உரிந்து எழுத்து வெளியே வருகிறது. காலனிக்குள் தண்ணீரும் வருகிறது. சம்பத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது, மஸ்கட் போனான்.

நான் சொல்ல வந்தது அதையெல்லாம் அல்ல. அன்றைக்குச் சாயங்காலம் நிழல்காரரை ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். நானும் சம்பத்தும் வாசலில் காத்திருந்து, அவரை எதிரே இருந்த பேக்கரிக்குக் கூட்டிப் போனோம். டீ சொன்னேன், பப்ஸ் சொன்னேன். சம்பத் நன்றி சொல்வான், காலில் விழுவான், கூட்டத்துக்கு நடுவில் மானம் போகும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவன் பப்ஸைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் தலையைத் தூக்காமலே கேட்டான்.

"ஏனுங்ணா, எல்லாரும் பாக்கக் குப்பைன்னு போட்டீங்களே. நெசமாலுமே குப்பையாவுங்களா இருந்துச்சு?"

கேஸிலிருந்து தப்பித்தோமே என்ற நினைப்பே இல்லை, எழுத்து எப்படி என்று கேட்கிறான். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. நிழல்காரர் டீயை ஒரு வாய் குடித்தார். அவர் யாரையும் பாராட்டினதில்லை என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கும் பாராட்டவில்லை. திட்டுகிற குரலிலேயே சொன்னார்.

"குப்பையா இருந்திருந்தா அவுங்களே உன்னைய ஊட்டுக்கு அனுப்பியிருப்பாங்க கண்ணு. நாம்பாட்டுக்குப் பெஞ்சுலயே உக்காந்திருப்பேன்."

சம்பத் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். நான் மூன்று பேருக்கும் இன்னொரு டீ சொன்னேன்.